லேகாக் தெருக்களில் ஒரு வரைநாள்

லேகாக், இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஏவன் ஆற்றை ஒட்டிய சிற்றூர். சிப்பனம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே ஐந்து கிலோமீட்டர் தூரம். பழைய ஊர் என்பது நான்கு தெருக்கள்தான்: ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். நான்கும் முனையோடு முனை சேர்ந்து ஏறத்தாழ ஒரு சதுரமாகிவிடுகின்றன. சும்மா நடந்தால் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். பென்சிலோடு உட்கார்ந்தவருக்கு ஒரு தெருவின் பாதியே பகல் முழுவதையும் விழுங்கிவிடும்.

படம் வரையப் போகிறவர்களுக்கு இங்கிலாந்தில் அழகான கிராமங்களுக்குப் பஞ்சமில்லை. காசில் கூம், பைபரி, லேவனம் என்று நாட்காட்டிகளில் வந்து வந்து அலுத்துப்போன ஊர்களின் வரிசையில் லேகாக்கும் ஒன்று. ஆனால் இந்த ஊருக்கென்று தனியாக ஓர் உரிமை உண்டு. வரைய வராத ஒருவர், அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளப் போய், ஒளிப்படக் கலைக்கு வழி கண்டது இங்கேதான். பாத் நகரத்து மாலை நேர ஓவிய வகுப்பு ஒன்று ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு செவிலியர், கட்டடக்கலை மாணவர் ஒருவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் வகுப்பில் சேர்ந்தவர்கள் என்று கலவையான கூட்டம் அது.

ஊரின் கதை கன்னியர் மடத்தில் தொடங்குகிறது. சாலிஸ்பரியின் கோமாட்டி ஈலா, கணவர் இறந்த பிறகு 1232இல் அகஸ்தீன் சபைத் துறவியருக்காக இந்த மடத்தை நிறுவினார். மடத்தை அண்டி ஊர் வளர்ந்தது. சந்தை கூடியது, ஆட்டு ரோமமும் கம்பளித் துணியும் பணம் கொண்டுவந்தன. அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளே இன்று காண்பவற்றில் பாதி. பிறகு துணித் தொழில் ஆலைகள் பெருகிய ஊர்களுக்குப் போய்விட்டது. இடித்துக் கட்டும் வசதி குடியிருந்தவர்களுக்கு இல்லை. சொந்தக்காரரான டால்பட் குடும்பத்துக்கு அதற்கான விருப்பம் இல்லை. 1944இல் மடில்டா டால்பட் மடாலயத்தையும் ஊரையும் சேர்த்து நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் அந்த அமைப்பின் வாடகைதாரர்களே. கூரைகளில் ஆண்டெனா கிடையாது. தெருவுக்குக் குறுக்கே மின்கம்பி ஓடாது. அழகு என்று பேருந்தில் வந்து இறங்குபவர்கள் பார்ப்பது, பணம் வந்து நின்றுபோன ஓர் ஊரை ஒரே கை விடாமல் பிடித்துவைத்திருந்ததன் விளைவு.

குழு இறங்கியபோது மணி பத்து ஆகவில்லை. பயிற்றுநர் முதல் அரை மணி நேரம் யாரும் பையைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு தெருக்களையும் ஒரு முறை நடந்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மதியம் எந்தப் பக்கம் விழும், உணவு விடுதியின் வாடிக்கையாளர்கள் எங்கே கார் நிறுத்துவார்கள் என்று பார்த்துவைப்பது அந்த அரை மணி நேரத்து வேலை. வெளியில் உட்கார்ந்து வரைந்து பழகாதவர்கள் முதலில் கண்ணில் பட்ட அழகான மூலையிலேயே முக்காலியை விரித்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களுக்கு முன்னால் ஒரு வேன் நிற்கும்.

கையில் இருந்த சாமான்கள் அதிகமில்லை. மடக்கு முக்காலி, வரைபலகை, அதில் கிளிப் போட்ட நீர்வண்ணத் தாள், 2பி பென்சில், ஒரு சின்ன வண்ணப்பெட்டி, தண்ணீருக்கு ஜாம் பாட்டில். இந்த எளிமை வெளியே போய் வரைகிறவர்களுக்கு ஆங்கிலேய வியாபாரிகள் கொடுத்த வசதி. வண்ணப்பொடியைத் தாமே அரைத்துக் கலக்கும் தொல்லையை 1780களில் ரீவ்ஸ் சகோதரர்களின் கட்டி வண்ணங்கள் போக்கின. 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் கிளிசரின் சேர்த்து, தூரிகை பட்டதும் கரையும் ஈரப்பதமான வண்ணங்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஒரு சட்டைப்பையில் அடங்கும் பெட்டியோடு யாரும் எங்கும் போகலாம் என்றாகியது.

காலையில் பெரும்பாலோர் ஹை ஸ்ட்ரீட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சின்ன ஊருக்குப் பொருத்தமில்லாத அளவு அகலமான தெரு அது. சந்தை கூடிய இடம் என்பதால் அந்த அகலம். இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, ஆனால் எதுவும் பக்கத்து வீட்டின் உயரத்துக்குக் கட்டுப்படவில்லை. கல் முகப்பு கொண்ட ஒரு ஜார்ஜிய வீடு, பக்கத்தில் மரச்சட்டம் தெரியும் பழைய வீடு, அடுத்து செங்கல். பாடப்புத்தகத்தில் இருக்கும் பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி எல்லாக் கூரைக்கோடுகளும் தொடுவானத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓட வேண்டும். இங்கே எந்தக் கூரையும் நேர்கோடாக இல்லாததால் ஓடவேண்டிய கோடே அகப்படவில்லை. கட்டடக்கலை மாணவர் அளவுகோல் வைத்து முகடுகளை நேராகப் போட்டார். அவர் தாளில் இருந்த தெரு சுத்தமாக இருந்தது. லேகாக்காக மட்டும் இல்லை.

முகடு வளைவதற்குக் காரணம் கூரையில் உள்ள கல். இந்த வட்டாரத்தில் பழைய வீடுகளுக்கு ஓடு என்பது தட்டையாகப் பிளந்த சுண்ணாம்புக்கல். பெரிய கற்கள் கீழே இறவாரத்தில், சுவரின் மேல் பாரம் இறங்கும்படி. மேலே போகப் போகச் சிறிதாகி, முகட்டருகே கையகலக் கற்கள். இந்தப் பாரத்தை நூற்றாண்டுகளாகத் தாங்கும் கைமரங்கள் நடுவில் தொய்கின்றன. கூரையும் அவற்றோடு தொய்கிறது. கற்கள் மேலே சிறுத்துப்போவது வரைபவரை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கூரை இருப்பதைவிடச் செங்குத்தாகவும் உயரமாகவும் தோன்றும். கண்ணை நம்பி வரைந்தவர்களின் கூரைகள் எல்லாம் அன்று கொஞ்சம் அதிகமாகவே எழும்பியிருந்தன. பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் அளந்து பார்த்தவர்கள் மட்டும் தப்பினார்கள். அளந்து பார்ப்பது கலைஞனுக்கு இழுக்கு என்ற எண்ணம் தொடக்கநிலை மாணவர்களிடம்தான் இருக்கிறது, பழகியவர்கள் வெட்கப்படுவதில்லை.

நிறம் அடுத்த சிக்கல். இந்தக் கல்லைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் தேன் நிறம் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் அதில் சாம்பல், வெளிர்மஞ்சள், பாசியின் கரும்பச்சை, மழை வடிந்த இடத்தில் ஒரு கருநீலம் எல்லாம் இருக்கின்றன. மஞ்சள் காவியை அப்படியே எடுத்து அப்பியவர்களின் சுவர்கள் பாலாடைக்கட்டியாகத் தெரிந்தன. ரா சியன்னாவை நிறையத் தண்ணீரில் கரைத்து முதலில் ஒரு பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே நீலமும் பழுப்பும் கலந்த சாம்பலை அங்கங்கே தொட்டுவிடுவது என்று பயிற்றுநர் செய்து காட்டினார். அந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் பூச்சு காய நெடுநேரம் ஆகிறது. அவசரக்காரர்களுக்கு அது தண்டனை. காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு வண்ணம் தானாகவே ஒன்றில் ஒன்று கசிந்து பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போன சிலர் மரச்சட்ட வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றின் பக்கச்சுவரில் பழங்காலக் கட்டுமானம் வெளியே தெரிகிறது: இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிராகத் தரையிலிருந்து நிறுத்தி, உச்சியில் சேர்த்துவிடும் முறை. சுவர் விழுந்தாலும் வீடு விழாது. ஓக் மரத்தை வெட்டிய பசுமையோடு, உளி எளிதில் இறங்கும்போதே, இழைத்து மாட்டிவிடுவது அந்தக் காலத்துத் தச்சர் வழக்கம். மரம் கட்டடத்தில் நின்றபடியே காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் ரசிக்கும் கோணல்களில் பல, வீடு கட்டிய முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டவை. சட்டத்துக்குக் கறுப்பும் இடைச்சுவருக்கு வெள்ளையும் அடிப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். ஓக்கைத் தொடாமல் விட்டால் வெள்ளிச் சாம்பலாகத்தான் மாறும். கறுப்பு மசியால் சட்டங்களைக் கோடு கோடாக இழுத்தவர்களின் படங்கள் பிஸ்கட் டப்பா மூடி போல வந்ததற்கு அதுதான் காரணம்.

செவிலியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த ஒரு சிறுவன், வீடு சாய்ந்திருக்கிறதே, அழித்துத் திரும்பப் போடுவீர்களா என்று கேட்டான். அவர் எதிரே கை காட்டினார். சிறுவன் வீட்டைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், வீடுதான் தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

கார்களை என்ன செய்வது என்ற வழக்கமான வாக்குவாதமும் வந்தது. மனிதர்கள் வாழும் ஊர் என்பதால் வீட்டு வாசல்களில் கார்கள் நிற்கத்தான் செய்கின்றன. பாதிப் பேர் அவற்றைத் தாளிலிருந்து துரத்திவிட்டார்கள். இதற்கு முன்னோடி உண்டு. வை ஆற்றங்கரைப் பயணத்தைப் பற்றி 1782இல் புத்தகம் வெளியிட்ட வில்லியம் கில்பின் என்ற பாதிரியார்தான், ஓவியத்துக்கு ஏற்ற அழகு எது என்று ஆங்கிலேயருக்குப் பாடம் எடுத்தவர். டின்டர்ன் மடாலய இடிபாட்டின் முக்கோணச் சுவர்கள் ரொம்ப ஒழுங்காக நின்று கண்ணை உறுத்துகின்றன, ஒரு சம்மட்டியால் அளவாகத் தட்டினால் நன்றாயிருக்கும் என்று அவர் எழுதினார். அவர் காலத்துப் பயணிகள் கறுப்புச் சாயமிட்ட குவிகண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை ரசித்தார்கள். இன்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் தனக்குப் பின்னால் இருக்கும் தெருவைப் படமெடுப்பவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. லேகாக்கிலேயே பி.பி.சி. 1995இல் ஒளிபரப்பிய ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ தொடரை எடுத்தபோது இந்தத் தெருக்கள் கதையில் வரும் மெரிட்டன் நகரமாக மாறின. அப்போதும் கார்கள் துரத்தப்பட்டன. பயிற்றுநர் கட்சி வேறு. ஒரு காரையாவது வையுங்கள், கதவு எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்கு அதுதான் சொல்லும் என்றார்.

மதியச் சாப்பாடு பெரும்பாலோருக்குக் கல்லறைத் தோட்டத்துப் புல்வெளியில் சாண்ட்விச். வெயில் வேண்டாமென்றவர்கள் ஜார்ஜ் விடுதிக்குப் போனார்கள். அங்கே பழைய அடுப்பங்கரையில் ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாயை ஓடவிட்டு, இறைச்சிக் கம்பியைச் சுழல வைத்த காலத்து மிச்சம். சாப்பிடப் போனவர்களில் ஒருவர் அதை வரைந்துகொண்டு வந்தார். அன்றைய படங்களில் கொஞ்சமும் அழகில்லாத, ஆனால் நெடுநேரம் எல்லோரும் கையில் வைத்துப் பார்த்த படம் அதுவே.

பிற்பகல் மடாலயத்துக்கு. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டு, வில்லியம் ஷாரிங்டன் என்பவர் கைக்குப் போனது. தேவாலயத்தை இடித்துவிட்டு மற்றதைத் தன் வீடாக்கிக்கொண்ட அவர், பிரிஸ்டல் நாணயச்சாலையில் கையாடல் செய்து 1549இல் சிறைக்குப் போய், மன்னிப்புப் பெற்றுத் திரும்பிய ஆள். வீடு பின்னாளில் டால்பட் குடும்பத்துக்கு வந்தது. 1800இல் பிறந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்த வழியில் வந்தவர்.

1833 அக்டோபரில் டால்பட் மனைவியோடு இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருந்தார். கூட வந்த பெண்களுக்கு வரையத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதற்காக அவர் கேமரா லூசிடா என்ற கருவியை நாடினார். வில்லியம் ஹைட் வுல்லஸ்டன் 1806இல் காப்புரிமை பெற்ற கருவி அது: ஒரு கம்பியின் நுனியில் நான்கு பக்கப் பட்டகம். பட்டகத்தின் விளிம்பில் கண்ணை வைத்துக் கீழே பார்த்தால் எதிரே உள்ள காட்சி தாளின் மேல் விழுந்திருப்பதாகத் தோன்றும். தாளில் உண்மையில் எதுவும் விழுவதில்லை; கண்ணுக்குள்தான் இரண்டும் சேர்கின்றன. டால்பட் கண்ணை எடுத்துவிட்டுத் தாளைப் பார்த்தபோது பென்சில் துரோகம் செய்திருந்தது.

இதைக் கதையாகக் கேட்பது வேறு. பயிற்றுநர் அந்தக் கருவியின் இன்றைய வடிவம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மடாலயத்தின் தென்முகத்துக்கு எதிரே, புல்வெளியில் அதைப் பலகையில் பொருத்தி, ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். பென்சில் முனை தெளிவாகத் தெரியும்படி கண்ணை நகர்த்தினால் கட்டடம் மறைகிறது. கட்டடம் தெரிந்தால் பென்சில் மறைகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். தலை சற்று அசைந்தால் சாளரம் முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். விட்ட இடத்தில் கோட்டைத் தொடரவே முடியாது. ஏற்கெனவே நன்றாக வரைபவர்களுக்கு ஓரளவு வந்தது, ஏனென்றால் எந்தக் கோடு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாக் கோடுகளையும் பிடிக்கப் பார்த்து எதையும் பிடிக்கவில்லை. கருவி இடத்தைக் காட்டும். எதை விடலாம் என்று காட்டாது. டால்பட் ஏன் வேறு வழி தேடினார் என்பது பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவர் தேடிய வழி, அந்தப் பிம்பம் தாளில் தானே பதிந்து நின்றுவிட்டால் என்ன என்பது. ஊர் திரும்பியதும் நல்ல எழுதுதாளில் உப்புக்கரைசலும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிச் சோதனையைத் தொடங்கினார். அவர் விரும்பிய தாள்களில் ஒன்று வாட்மன் ஆலைத் தாள்; நீர்வண்ண ஓவியர்கள் விரும்பியதும் அதையே. 1835 ஆகஸ்டில் தென்பக்கக் கூடத்துச் சாளரத்தை உள்ளேயிருந்து, சின்ன மரப்பெட்டிக் கேமராவால் எடுத்தார். வீடெங்கும் கிடந்த அந்தப் பெட்டிகளை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்றே அழைத்தார். தபால்தலை அளவேயுள்ள அந்தப் படம்தான் கேமராவால் எடுக்கப்பட்ட நெகட்டிவ்களில் இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. அதில் சாளரத்தின் கண்ணாடிச் சில்லுகளை லென்ஸ் வைத்து எண்ணலாம் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். அதே சாளரத்தை வெளியேயிருந்து வரைந்த குழுவினர் சில்லுகளை எண்ணவில்லை. குறுக்குக் கோடுகள் நாலைந்து போட்டு, மீதியைப் பார்ப்பவர் பொறுப்பில் விட்டார்கள்.

வரையத் தெரியாதவர் என்றாலும் டால்பட்டுக்கு ஓவியரின் கண் இருந்தது. 1844இல் அவர் எடுத்த ‘தி ஓப்பன் டோர்’ படத்தில் லாயத்தின் திறந்த கதவு, அதில் சாய்த்த ஒரு துடைப்பம், பக்கத்தில் தொங்கும் லாந்தர். டச்சு ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர் வேண்டுமென்றே அடுக்கிவைத்த காட்சி. அவருடைய தாள் நெகட்டிவ் முறை பின்னால் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கையில் மெழுகுத்தாள் முறையாகத் திருந்தி, லினியஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் அவர் அப்படித்தான் படமெடுத்தார். தாள் நெகட்டிவில் வானம் வெறுமையாகவே பதியும் என்பதால் மேகங்களைத் தூரிகையால் நெகட்டிவின் மேலேயே தீட்டினார். பென்சில் வேண்டாமென்று தொடங்கிய கலை கால் நூற்றாண்டுக்குள் தூரிகையிடம் திரும்பி வந்துவிட்டது.

மூன்று மணியளவில் தூறல். ஈரமான பூச்சின் மேல் விழுந்த துளிகள் பூப்பூவாகப் பதிந்தன. இரண்டு படங்களின் வானம் அதனால் நன்றாகவே ஆகிவிட்டது. எல்லோரும் மடத்தின் சுற்றுநடைக்குள் ஒதுங்கினார்கள். துறவியர் நடந்த அந்தத் தாழ்வாரத்தின் கல் விதானம், தூணிலிருந்து கிளைக்கும் நரம்புகளோடு, வரைவதற்குக் கடினமான பொருள். ஹாரி பாட்டர் படத்தில் அது வந்திருப்பதால் குழந்தைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். சீக்கிரம் கைவிட்டவர்கள் அதிகம்.

நாலரை மணிக்கு மழை விட்டதும் 14ஆம் நூற்றாண்டுத் தசமபாகக் களஞ்சியத்துக்குள் படங்களைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். குடியானவர்கள் மடத்துக்குச் செலுத்திய விளைச்சல் குவிந்த இடம். கூட்டமாகப் படம் பார்க்க வசதியான அகலம். பாராட்டு கொஞ்சம், விசாரணை அதிகம். தெருமுனையில் தேவாலயக் கோபுரம் தெரியும்படி வரைந்தவர்கள் எல்லோருமே கோபுரத்தை அது இருப்பதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் கைபேசியில் எடுத்திருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தபோது கோபுரம் பாதியாகச் சுருங்கியிருந்தது. தூரத்தில் இருந்தாலும் மனதைப் பிடித்த பொருளைக் கண் பெரிதாக்கிக்கொள்ளும், லென்ஸ் ஆக்காது. நேரில் பார்த்தவர்களுக்குத் தவறான படமே சரியாகத் தோன்றியது. கட்டடக்கலை மாணவரின் நேர்முகடுகளை யாரும் குறை சொல்லவில்லை. அவரே இரண்டாவது தாளில் அவற்றை வளைத்து வரைந்திருந்தார்.

புறப்படும் முன் பயிற்றுநர் சொன்னவை இரண்டு. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, நேரம், காற்று, வெயில் ஆகியவற்றை எழுத வேண்டும். முடியாத படத்தை வீட்டில் கைபேசிப் படத்தைப் பார்த்து முடிக்கக் கூடாது. முதலாவதை எல்லோரும் செய்தார்கள். இரண்டாவதை மீறிய ஒருவர் அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டுவந்த ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில், காலையில் வரைந்த வீடுகளின் நிழல் மேற்கே விழுந்திருந்தது. மாலைப் படத்தைப் பார்த்து முடித்த வீடுகளின் நிழல் கிழக்கே விழுந்திருந்தது.